மஞ்சப்பையில் ஒரு மெடிக்கல் ஃபைல்

இந்தத் தடவை முன்னோருக்குப் போடும் படைப்புக்கு எல்லாரும் ஊருக்கு வந்திருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு வளவில் காலை நீட்டி உட்கார்ந்தால் முன்பெல்லாம் கல்யாணப் பேச்சு ஓடும். இப்போது யாருக்கு என்ன மாத்திரை என்பதுதான்.

இங்கிலாந்தில் இருக்கும் ஆச்சிக்கு அங்கத்திய ஜிபி, அதாவது குடும்ப டாக்டர், மேல் ஏகப்பட்ட குறை. காலை 8 மணிக்குப் போனும் கையுமாகக் காத்திருக்க வேண்டும், கிடைத்தாலும் 10 நிமிஷம்தான், ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க அவர் கடிதம் கொடுக்கணும், அப்புறம் மாதக்கணக்கில் வரிசை. சிங்கப்பூர் அண்ணன் சிரித்தார். அங்கே 2023 ஜூலையில் 'ஹெல்தியர் எஸ்ஜி' வந்த பிறகு, 40 வயது தாண்டியவர்கள் ஒரு கிளினிக்கில் பதிந்துகொண்டு அந்த டாக்டரிடமே போகலாமாம். பணக்கார நாடு, 'ஒரே டாக்டரோடு இரு' என்று சொல்ல அங்கேயும் தனித் திட்டம் வேண்டியிருக்கிறது பாருங்கள்.

நான் உள்ளே போய் அப்பத்தாவின் மஞ்சப்பையை எடுத்து வந்து கொட்டினேன். ஆத்தங்குடிக் கல் தெரியாத அளவுக்குச் சீட்டுகள். மதுரை இதய டாக்டர் எழுதியது, திருச்சி சர்க்கரை டாக்டர் எழுதியது, கால் வீங்கியதற்கு இன்னொருவர் எழுதியது. முதல் இரண்டு சீட்டிலும் அம்லோடிபின் என்கிற பிரஷர் மாத்திரை, வேறு வேறு கம்பெனிப் பெயரில்! மூன்று மாதம் அப்பத்தா இரட்டை டோஸ் விழுங்கியிருக்கிறார், அது இழுத்துவிட்ட வீக்கத்துக்கு நீர் மாத்திரை வேறு. அவரவர் பார்த்த உறுப்பை அவரவர் சரியாகத்தான் பார்த்தார்கள், ஆளைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. கண்டுபிடித்தது யார் தெரியுமா? மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் பார்க்க வீட்டுக்கு வரும் அக்கா. "அப்பத்தா, இந்த ரெண்டும் ஒண்ணுதானே" என்றார். 2021-ல் அந்தத் திட்டம் தொடங்கியபோது நானே கிண்டல் செய்தவன்தான்.

ஆச்சி அதற்குமேல் ஜிபியைத் திட்டவில்லை. நாலு வீடு மாறியிருக்கிறார், நாலு தடவையும் அவருடைய ரெக்கார்டு பின்னாலேயே புது டாக்டரிடம் போயிருக்கிறது. அந்த 10 நிமிஷத்தை எனக்குக் கொடுங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன்.

எங்கள் ஊர்ப் பழைய டாக்டர் மாதிரி வருமா என்று ஒரு பெரியப்பா ஆரம்பித்தார். உண்மைதான், மூன்று தலைமுறையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர், அப்பச்சிக்குப் பெனிசிலின் ஆகாது என்று சட்டென்று சொல்வார். ஆனால் எதையும் எழுதி வைக்கவில்லை. அவர் போனார், எல்லாம் அவரோடு போனது.

கியூபாவில் 1984-லிருந்து தெருவாரியாகக் குடும்ப டாக்டரை வைத்தார்கள், பல இடத்தில் கீழே கிளினிக், மேலே டாக்டர் வீடு, அவர் நோயாளி வீட்டுக்கும் போய்ப் பார்ப்பார், ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் பதிவும் உண்டு என்று நான் சொன்னேன். மருந்துத் தட்டுப்பாடு அங்கே பெரும்பாடு என்பதையும் சொன்னேன். அப்பத்தா அதைக் காதில் வாங்கவே இல்லை.

"மாடியிலயேவா இருக்காரு? ராத்திரி கதவைத் தட்டினா எந்திரிப்பாரா?"