முதலில் மண்ணைச் சுத்தம் செய்யணும்

2010இல் வடமேற்கு நைஜீரியாவின் சம்ஃபாரா மாநிலத்தில் கிராமம் கிராமமாகச் சின்னக் குழந்தைகள் வலிப்பு வந்து இறந்தார்கள். மலேரியாவாக இருக்கும், மூளைக்காய்ச்சலாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் காரீய (லெட்) நஞ்சு என்று தெரிந்தது. 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் போய்விட்டார்கள். தங்கம் விலை ஏறியிருந்த நேரம் அது. ஊர்க்காரர்கள் தோண்டி எடுத்த பாறையில் தங்கத்தோடு காரீயமும் ஏராளமாக இருந்தது. அதை வீட்டு முற்றத்திலேயே உடைத்தார்கள், தானியம் அரைக்கும் மில்லில் போட்டு அரைத்தார்கள். தூசி தரை, பாய், சோறு என்று எல்லாவற்றிலும் படிந்தது. தவழ்கிற குழந்தை கையை வாயில் வைக்காமல் இருக்குமா? பெரியவர்களைவிட குழந்தையின் குடல் காரீயத்தைப் பல மடங்கு உறிஞ்சிக்கொள்ளும். சத்துக்குறைவு இருந்தால் இன்னும் அதிகம்.

2012இல் அதே மாநிலத்தின் அன்கா ஊர் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். ரத்தம் எடுப்பதற்கு முன் குழந்தையின் கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். தோலில் ஒட்டியிருக்கும் தூசி துளி கலந்தாலும் முடிவு பொய்யாகிவிடும். காரீயத்தை அளக்க எங்களிடம் இருந்த சின்னக் கருவி டெசிலிட்டர் ரத்தத்துக்கு 65 மைக்ரோகிராம் வரைதான் எண் காட்டும். அதற்கு மேல் போனால் 'ஹை' என்று மட்டும் வரும். மாதிரியை நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டி, பெருக்கிக் கணக்குப் போடுவோம். டெசிலிட்டருக்கு 5 வந்தாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் அந்த வருஷம்தான் வரையறையைக் குறைத்திருந்தார்கள். இங்கே 100 தாண்டுவது அதிசயமில்லை.

மருந்து இருந்தது. டிஎம்எஸ்ஏ என்ற, காரீயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து, 19 நாள் கொடுப்போம். காப்ஸ்யூலைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம், குழந்தைகள் துப்பிவிடும். தாய்மார்கள் கெஞ்சிக் கொஞ்சி எப்படியோ விழுங்க வைப்பார்கள். எண் இறங்கும். ஆனால் சுத்தம் செய்யாத வீட்டுக்குத் திரும்பினால் மறுபடி ஏறிவிடும். அதனால் மண் சுத்தமாகாத ஊர்க் குழந்தைகளுக்குச் சிகிச்சையே தொடங்க முடியாது. பகேகா என்ற பெரிய கிராமம் அப்படித்தான் காத்திருந்தது. ஒதுக்கிய பணம் வந்து சேரவில்லை. அந்த ஊர்த் தாய்மாரிடம் "இப்போது மருந்து இல்லை" என்று சொல்வதைப் போலக் கொடுமை என் வேலையில் வேறெதுவும் இல்லை. காரணம் மருத்துவ ரீதியாகச் சரிதான். ஆனால் அந்தக் காத்திருப்பு இயற்கை செய்ததல்ல. மண்வெட்டி, லாரி, கூலி, இவ்வளவுதான் தேவைப்பட்டது.

2013இல் வேலை நடந்தது. மேல்மண்ணைச் சுரண்டி அள்ளி, பள்ளத்தில் புதைத்து, நல்ல மண்ணைப் பரப்பினார்கள். அப்புறம் பகேகாவிலும் சிகிச்சை தொடங்கியது.

சுரங்கத்துக்குப் போகும் அப்பாக்களிடம் தொழிலை விடு என்று நாங்கள் சொல்லவில்லை. மழை பொய்த்தால் அவர்களுக்கு வேறென்ன வழி? பாறையை ஊருக்கு வெளியே ஈரமாக வைத்து உடையுங்கள், குளித்து உடை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள் என்றுதான் சொன்னோம். பெரும்பாலானவர்கள் கேட்டார்கள்.

மருந்து ரத்தத்திலிருந்துதான் காரீயத்தை வெளியேற்றும். மூளையில் ஆன சேதத்தைத் திருப்பித் தராது. பார்வை போனவர்கள், காது கேளாதவர்கள், நடக்கத் தெரிந்திருந்து மறந்தவர்கள் என்று சில குழந்தைகளுக்கு எண் நன்றாகவே இறங்கியிருந்தது. அவர்களுக்குத் தேவைப்பட்டது பள்ளியும் பயிற்சியும். அதற்கு அங்கே யாரும் இல்லை.