சாடியில் ஊறிய வைனும் என் நாடியும்

2024 டிசம்பர் 25, புளியந்தீவு, மட்டக்களப்பு

நள்ளிரவுத் திருப்பலி முடிந்து தாண்டவன்வெளியில் அக்கா வீட்டுக்குப் போனபோது மாரி மழை சற்று ஓய்ந்திருந்தது. ஒக்டோபர் கடைசியில் கறுப்பு முந்திரிகைப்பழத்தைப் பிசைந்து, சீனியும் ஈஸ்டும் கறுவாப்பட்டையும் கராம்பும் சேர்த்துப் பீங்கான் சாடியில் இட்டு, வாயை வெள்ளைத் துணியால் கட்டி வைப்பது எங்கள் அம்மா காலத்திலிருந்து வரும் வழக்கம். அந்தத் துணியை அவிழ்க்கும் நேரம் வராமல் எங்கள் வீட்டில் நத்தார் பிறப்பதில்லை. பலகாரத்தோடு இரண்டு கிளாஸ் குடித்தேன்.

மூன்று மணிக்கு நெஞ்சு படபடத்து விழிப்பு வந்தது. மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தேன். இரண்டு துடிப்புகள் அடுத்தடுத்து ஓடின, பிறகு ஓர் இடைவெளி, பிறகு மூன்று, பிறகு ஒன்றுமே இல்லாததுபோல் ஒரு கணம். மழை விட்ட பின் ஓட்டு விளிம்பிலிருந்து வாளிக்குள் விழும் சொட்டுகளுக்குக்கூட இதைவிட ஓர் ஒழுங்கு உண்டு. விடியுமுன் வைத்தியசாலைக்குப் போனோம். ஈ.சி.ஜி.யில் நிமிடத்துக்கு 138. துடிப்பு தானாகவே சீரான போது மாலை ஐந்து மணி.

2024 டிசம்பர் 28

எனக்கு இருப்பது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நிமிடத்துக்கு 350 முதல் 600 தடவை வரை வெறுமனே நடுங்க, அந்தத் தாறுமாறான மின் சைகைகளில் சில மட்டும் கீழ் அறைகளுக்கு இறங்குவதால் நாடி தடுமாறுகிறது. நடுங்கும் அறையில் இரத்தம் தேங்கிக் கட்டியானால், அது மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தை உண்டாக்கலாம். அதற்காகவே ஏப்ரல் மாதம் முதல், இரத்தம் கட்டியாவதைத் தடுக்கும் வார்ஃபரின் என்ற மருந்து குடிக்கிறேன்.

இன்று பழைய நாட்குறிப்பை எடுத்துப் புரட்டினேன். முதல் தடவை நெஞ்சு குழம்பியது 2024 மார்ச் 31, உயிர்த்த ஞாயிறு இரவு. அன்றும் மதியம் அக்காவின் சாடி திறந்திருந்ததை என் கையெழுத்தே சொல்கிறது. ஆகஸ்டில் வந்தது காய்ச்சலோடு வந்தது. அன்று வைன் தொடவில்லை. ஆகவே எல்லாவற்றுக்கும் வைனே காரணம் என்று எழுத மாட்டேன். ஆனால் மூன்றில் இரண்டு என்பதைத் தற்செயல் என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. ஏப்ரலில் கிளினிக்கில் “மதுபானம் பாவிப்பீங்களா அம்மா?” என்று கேட்டபோது “இல்லை” என்றேன். நான் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் குடி என்றால் சாராயம், கள்ளு, இப்போது பியர், குடிப்பவர்கள் ஆண்கள். பெண்கள் கையால் ஊறி, செபத்துக்குப் பிறகு சிறிய கிளாஸில் வரும் வைனை நாங்கள் யாரும் அந்தக் கணக்கில் சேர்த்ததே இல்லை.

2025 ஜனவரி 4

அந்தச் சிறிய கிளாஸை இன்று தண்ணீர் ஊற்றி அளந்தேன். 180 மில்லிலீட்டர். கடை வைன்போல 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிளாஸில் ஏறத்தாழ 17 கிராம் அல்ககோல்; இரண்டு கிளாஸில் 34. மகன் இருக்கும் அவுஸ்திரேலியாவில் ஓர் அளவு மது என்பது 10 கிராம். அப்படியானால் மூன்றளவுக்கு மேல் குடித்துவிட்டே நித்திரைக்குப் போயிருக்கிறேன். சாடியில் சீனி எவ்வளவு புளித்தது என்று யாரும் அளப்பதில்லை. உண்மைக் கணக்கு இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம், கூடவும் இருக்கலாம்.

2025 ஜனவரி 12

மெல்பேர்ணிலிருந்து மகன் தொலைபேசியில் பேசினான். சிவப்பு வைன் இதயத்துக்கு நல்லது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள் என்று கேட்டான். அந்தப் பேச்சு பரவியது 1991இல், கொழுப்பை நிறைய உண்ணும் பிரெஞ்சுக்காரருக்கு மாரடைப்புக் குறைவாக இருப்பதற்கு வைன் காரணமாகலாம் என்று ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி சொன்ன பிறகு. அது இரத்தக் குழாய் அடைப்பைப் பற்றிய பேச்சு. அதுவே இன்று ஐயத்துக்கு உள்ளாகியிருக்கிறது. எனக்கு இருப்பதோ மின் ஓட்டத்தின் கோளாறு. அல்ககோல் மேல் அறைத் தசைகள் அடுத்த சைகைக்கு முன் ஓய்வெடுக்கும் நேரத்தைக் குறுக்கி, நரம்புகளையும் தூண்டிவிடுவதால், தாறுமாறான துடிப்பு தொடங்க இடம் கிடைக்கிறது. 1978இலேயே ஃபிலிப் எட்டிங்கர் என்ற அமெரிக்க வைத்தியர், பண்டிகையும் வார இறுதியும் கழித்து நெஞ்சுத் துடிப்புக் குழம்பி வந்தவர்களைக் கண்டு, இதற்கு ‘விடுமுறை இதயம்’ என்று பெயர் வைத்திருக்கிறார். எங்கள் நத்தார் இரவுக்கு அதைவிடப் பொருத்தமான பெயரை நான் தேட வேண்டியதில்லை.

மகனுக்கு அவனுடைய நாட்டு ஆய்வையே சொன்னேன். 2020இல் வெளிவந்தது, இந்த நோயுள்ள, வழக்கமாகக் குடிக்கும் 140 பேரில் ஒரு பாதியினர் மதுவை விட்டார்கள், மறுபாதியினர் தொடர்ந்தார்கள். ஆறு மாதத்தில் துடிப்புக் குழப்பம் திரும்பியது விட்டவர்களில் 53 சதவீதத்தினருக்கு, தொடர்ந்தவர்களில் 73 சதவீதத்தினருக்கு. அவர்கள் கிழமைக்குப் பத்து அளவோ அதற்கு மேலோ குடித்தவர்கள், நான் அப்படியல்ல. எனக்கு நெருக்கமானது 2021இல் வந்த அமெரிக்க ஆய்வு: 100 நோயாளிகளுக்கு ஈ.சி.ஜி. கருவியையும் கணுக்காலில் மதுவை உணரும் கருவியையும் நான்கு கிழமை மாட்டிவிட்டுப் பார்த்தபோது, ஓர் அளவு குடித்த அடுத்த நான்கு மணி நேரத்தில் குழப்பம் தொடங்கும் வாய்ப்பு இருமடங்காகவும், இரண்டோ அதற்கு மேலோ குடித்தால் மூன்று மடங்குக்கு மேலாகவும் இருந்தது. நான் கிளாஸை வைத்ததற்கும் விழித்ததற்கும் இடையில் இரண்டு மணி நேரம்கூட இல்லை.

2025 ஜனவரி 19

அக்காவிடம் சொன்னேன். “இது மருந்துபோலகா, அம்மாவும் குடிச்சவதானே” என்றா. முகம் வாடிவிட்டது; நான் மறுத்தது வைனை அல்ல, தன் கையை என்று அவ நினைத்ததை என்னால் உணர முடிந்தது. கிளாஸை அளந்த கதையைச் சொல்லி, அவவின் விரல்களை எடுத்து என் நாடியில் வைத்து, இப்போது சீராக ஓடுவதைக் காட்டினேன். வெகுநேரம் விரலை எடுக்காமல் இருந்தா. பிறகு அடுக்களைக்குப் போய் இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தா.

2025 பெப்ரவரி 11

கிளினிக். வார்ஃபரினால் இரத்தம் உறைவது எவ்வளவு தாமதிக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் 2.4; இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்க வேண்டியது, நிற்கிறது. கீரை வகைகள் வார்ஃபரினின் வேலையைக் குறைக்கக்கூடியவை என்றாலும் வல்லாரையையும் முருங்கை இலையையும் நிறுத்த வேண்டாம், ஒருநாள் அள்ளியும் ஒருநாள் ஒன்றுமில்லாமலும் உண்ணாமல் ஒரே அளவாக உண்ணுங்கள் என்றார்கள். மது அந்த எண்ணையும் குலைக்கக்கூடியது என்பதை இன்றுதான் கேட்டு அறிந்தேன்.

எழும்புமுன், ஏப்ரலில் நான் சொன்ன பதில் ஒன்றைத் திருத்த வேண்டும் என்று வைத்தியரிடம் சொன்னேன். நத்தாருக்கும் உயிர்ப்புக்கும் வீட்டு வைன், ஒரு நேரத்துக்கு இரண்டு கிளாஸ், கிளாஸ் 180 மில்லிலீட்டர், இந்த நத்தாரோடு நிறுத்திவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கொப்பியின் முதல் பக்கத்துக்குத் திரும்பி, ‘இல்லை’ என்று இருந்ததை ஒரு கோட்டால் வெட்டி, நான் சொன்னதை அப்படியே அதன் மேல் எழுதினார்.