சனிக்கிழமைக் காசு

எங்கள் வீட்டில் மளிகைக் கடன், சேலைத் தவணை, டியூஷன் காசு எல்லாவற்றுக்கும் அம்மாவிடம் ஒரே பதில்தான் இருந்தது, சனிக்கிழமை. வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றியதற்கு, இலையும் தூளும் கொடுக்கிற பீடிக்கடையில் அன்றைக்குத்தான் சம்பளம் போடுவார்கள். திருநெல்வேலிச் சீமையில் முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கம் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்ததே அந்தக் காசில்தான்.

வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பீடி இலை இங்கே விளைவதில்லை, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளிலிருந்து வருகிறது. ராத்திரியே அதை நனைத்து வைத்து, காலையில் தகரத் துண்டை அளவுக்கு வைத்துக் கத்திரியால் வெட்டி, புகையிலைத் தூளை வைத்துச் சுற்றி, நூல் கட்டி, முனையை மடக்க வேண்டும். 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம், கூலி அந்த ஆயிரத்துக்குத்தான். அம்மா சுற்றுவாள், ஆச்சி மடக்குவாள், பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் மடக்கியிருக்கிறேன். கடையில் கணக்கர் கட்டைப் பிரித்துப் பார்த்து ஒதுக்கினால் அது கழிவு, அதற்குக் காசு கிடையாது. மட்டமான இலையைக் கொடுத்துவிட்டு எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது என்பார்கள், அப்போது கைக்காசு போட்டு வெளியில் இலை வாங்கித்தான் ஈடுகட்ட வேண்டும். கழிவு விழுந்த நாளில் அம்மா வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

ஆனால் சம்பளம் வாங்கிய சாயங்காலம் பஜாருக்குப் போகிற அம்மா வேறு ஆள். தவணைக்காரர் நோட்டோடு பீடிக்கடை வாசலிலேயே நிற்பார், அவரை முதலில் அனுப்பிவிட வேண்டும். கருவாட்டுக்காரர் சாக்கை விரித்துச் சாளையும் நெத்திலியும் கொட்டியிருப்பார், அங்கே பேரம் பேசாமல் நகரமாட்டாள். கடைசியாகத்தான் மளிகைக்கடை. "அண்ணாச்சி, இந்த வாரம் கழிவு ஜாஸ்தி, பாதியை வரவு வச்சுக்கோங்க, மிச்சத்த அடுத்த வாரம் தாரேன்." அவர் நோட்டைப் புரட்டிக்கொண்டே, "சரிக்கா, அரிசி எத்தனை கிலோ போட?" என்பார். பாக்கி இருக்கும்போது அரிசி வேண்டுமா என்று கேட்காமல் எத்தனை கிலோ என்று கேட்ட அந்த மனுஷரை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். எங்களுக்கு ஒரு பொட்டலம் கருப்பட்டி மிட்டாய், அப்புறம் மிஞ்சியதை முந்தானையில் முடிந்துகொள்வாள். அது எவ்வளவு என்று அப்பாவுக்குக்கூடத் தெரியாது.

2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த பிறகு, எங்கள் ஊரில் கூலி வங்கிக் கணக்குக்குப் போக ஆரம்பித்தது. அதைக் குறை சொல்லமாட்டேன். யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதற்குக் கணக்கு இருக்கிறது, ஒருவரும் இல்லையென்று மறுக்க முடியாது. ஆனால் பணம் வந்ததும் மெசேஜ் போவது யார் போனுக்கு? எங்கள் தெருவில் அநேகம் வீடுகளில் மகன் போனுக்கு, இல்லையென்றால் வீட்டுக்காரர் போனுக்கு. ஏ.டி.எம். கார்டு அவர் சட்டைப்பையில் இருக்கும். வாரம் முழுக்க முதுகு ஒடியச் சுற்றிய மதினி ஒருத்தி, கருவாடு வாங்க நூறு ரூபாய்க்கு மகனைத் தேடிக்கொண்டு போனதை நானே பார்த்தேன். பஜாரிலும் சனிக்கிழமைக் கூட்டம் கரைந்துவிட்டது. கருவாட்டுக்காரர் விளக்கு வைக்கும் முன்னாலேயே சாக்கைச் சுருட்டிவிடுகிறார்.

பொங்கலுக்குப் போயிருந்தபோது அம்மாவைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன். கணக்கில் அப்பா நம்பரை எடுத்துவிட்டு அம்மா நம்பரைப் போட வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் சர்வர் இல்லை என்றார்கள், மறுநாள் ஜெராக்ஸ் ஒன்று குறைகிறது என்றார்கள், மூன்றாம் நாள்தான் முடிந்தது. மூன்று நாளும் அம்மா பீடித் தட்டில் கை வைக்கவில்லை, அந்தக் கூலியும் போச்சு. வருகிற வழியில் ஏ.டி.எம்.மில் எப்படி எடுப்பது என்று காட்டிக்கொடுத்தேன். முதல் தடவை கை நடுங்கியது, இரண்டாம் தடவை என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டாள்.

கார்டு இப்போது பீடித் தட்டில் இலைக்கு அடியில் இருக்கிறது. போன சனிக்கிழமை போன் பண்ணி, சாளைக் கருவாடு வாங்கியிருக்கிறேன், நீ எப்போ வார என்று கேட்டாள்.