எலும்பு சூப்

நேற்று வடிகட்டி ஃப்ரிட்ஜில் வைத்த சூப், பாத்திரத்தைச் சாய்த்தாலும் தளும்பவில்லை.

மேலே வெள்ளையாக உறைந்த கொழுப்பு. கரண்டியால் தட்டினால் தகடாகப் பெயர்ந்து வருகிறது. அடியில் தேன் நிறத்தில் கெட்டிப்பட்ட சாறு.

ரோஸ்ட் செய்த மாட்டிறைச்சியில் மிஞ்சிய எலும்புதான்!

ஏற்கெனவே சிவந்த எலும்பு என்பதால் தனியாக வறுக்க வேண்டாம். பச்சைத் தண்ணீர், வெங்காயம், கேரட், மிளகு. தளதளவென்று கொதித்தால் கொழுப்பு கலந்து கலங்கிவிடும். ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி வந்தால் போதும். உப்பு கடைசியில்தான், வற்ற வற்றக் கரிக்கும்.

மூட்டிலிருக்கும் கொலாஜன் என்ற புரதம், சாற்றைக் கெட்டியாக்கும் ஜெலட்டினாக இறங்க மணிக்கணக்காகும்.

ஓர் உயிர் தந்த உணவு. எலும்பின் சாறு வரை எடுத்துக்கொள்வதுதான் அதற்கு நாம் தரும் மரியாதை என்று நினைக்கிறேன்.

இரவுக்கு இதில் பார்லியும், எலும்பில் ஒட்டியிருந்த கறியும்.