சுங்கை சிப்புட்டில் ஒரு ராக் ராத்திரி

ராக் கேட்பதற்காக யாரும் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டுக்கு ரயில் ஏறுவதில்லை. கல்யாணம், கருமாதி, கோயில் திருவிழா என்றால் போவார்கள். தேர்தல் வந்தால் பத்திரிகைக்காரர்கள் படையெடுப்பார்கள்; மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த சாமிவேலு 1974 முதல் 2008 வரை கையில் வைத்திருந்த தொகுதி ஆயிற்றே. நான் போனது ஒரு சனிக்கிழமை ராத்திரி பொதுமண்டபத்தில் நடந்த ராக் கச்சேரிக்கு. சித்தப்பாதான் வாட்ஸ்அப்பில் போஸ்டரை அனுப்பி, "வா கண்ணு, நம்ம தோட்டத்துப் பிள்ளைங்க வாசிக்கிறானுங்க, நீ கேட்டே ஆகணும்" என்று குரல் பதிவும் போட்டிருந்தார். டிக்கெட் முப்பது வெள்ளி, அதாவது ரிங்கிட்.

கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரலில் ஈடிஎஸ் மின்சார ரயில் பிடித்து, ஈப்போவைத் தாண்டிக் கோலகங்சாருக்கு முன்னால் இறங்க வேண்டும். எந்த வண்டி அங்கே நிற்கும் என்று பார்த்து டிக்கெட் எடுங்கள். ஈப்போ நெருங்கும்போது ஜன்னலில் சுண்ணாம்புக் குன்றுகள் வரும், அப்புறம் எண்ணெய்ப் பனையான செம்பனை, மறுபடியும் செம்பனை. சித்தப்பா சின்னப் பையனாக இருந்தபோது இதெல்லாம் பால்மரமாக, அதாவது ரப்பராக இருந்ததாம்.

இந்த ஊரைப் பாடப் புத்தகத்தில் படித்தவர்களுக்கு 1948 ஜூன் 16 ஞாபகம் இருக்கும். பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகப் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அந்த ஆண்டுதான் இதே ஊர்க்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன், தோட்டத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். பொழுது சாய்ந்தால் கதவைச் சாத்திக்கொண்ட காலத்தைப் பற்றி என் தாத்தா நிறையச் சொல்வார். அவர் பேத்தி அதே ஊருக்கு ராத்திரி பதினொரு மணி வரை ஆம்ப்ளிஃபயர் அலறுவதைக் கேட்கப் போகிறாள் என்றால் என்ன சொல்லியிருப்பாரோ!

சித்தப்பாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. இப்போது வழுக்கை. எண்பதுகளின் கடைசியில் தோள் வரை முடி வளர்த்து, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் உட்கார்ந்து கேசட் தேயத் தேய சர்ச் (Search) ராக் குழுவின் பாட்டைக் கேட்டவர். ஜோகூர் பாருவில் 1981-இல் தொடங்கிய சர்ச் குழு, 1989-இல் 'இசபெல்லா' பாட்டோடு நாடு முழுக்கப் பரவியது. மலாய் வீடு, சீனர் கடை, தோட்டத்து லயம் என்று ஓரிடம் பாக்கியில்லை. நீண்ட முடி வைத்த ராக் பாடகர்களை அரசாங்கத் தொலைக்காட்சியில் காட்டக்கூடாது என்று தடை வந்ததும், 1992-இல் சர்ச் குழுவின் பாடகர் எமி முடி வெட்டிக்கொண்டதும் சித்தப்பாவுக்கு இன்னும் ஆறாத புண். "அன்னைக்கு நானும் வெட்டிட்டேன் கண்ணு" என்பார். சித்தியிடம் கேட்டால், பெண் பார்க்க வருவதற்காக வெட்டினார் என்பாள்.

தமிழனுக்கும் ராக்குக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் அவர் கை உடனே பினாங்கு பக்கம் நீளும். அல்லிகேட்ஸ் குழுவின் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற அண்ணன் தம்பிகள் பெரிய சுருட்டை முடியோடு மலாய்ப் பாட்டு உலகத்தையே ஆண்டார்களே! அவர்கள் வாசித்தது ராக் இல்லை, பாப் என்று நான் சொன்னால் அன்றைக்குச் சாப்பாடு கிடைக்காது.

நாங்கள் போனபோது மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. மண்டபத்துக்குத் தகரக் கூரை, சிமெண்டுச் சுவர். ராக் வாசிக்க இதைவிட மோசமான இடம் கிடையாது. மேடையிலிருந்து கிளம்பும் சத்தம் பின்சுவரில் மோதித் திரும்பி வரும்போது அடுத்த அடி விழுந்திருக்கும். இரண்டும் கலந்து கூழாகிவிடும். ஏற்பாட்டுக்காரப் பிள்ளைகள் இதற்கு ஒரு வழி செய்திருந்தார்கள். பின்சுவர் நெடுகக் கயிறு கட்டி, வீட்டுக்கு வீடு வாங்கிய பழைய கம்பளிகளையும் கோயில் பந்தல் துணியையும் மடித்து மடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். பூப்போட்ட கம்பளி ஒன்றைச் சித்தி பார்த்துவிட்டு, "இது நம்ம வீட்டுதுல்ல?" என்றாள். நம்ம வீட்டுதுதான்.

கச்சேரிக்கு முன்னால் மண்டபத்தின் பின்பக்கம் போனேன். இந்தப் பயணத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி அங்கேதான் கிடைத்தது. கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் கொட்டுகிறது. ஒரு பையன் பெயிண்ட் டின்னில் பழைய நாளிதழைக் கொளுத்தி அதன் மேல் தப்புப் பறையைச் சுற்றிச் சுற்றிக் காட்டுகிறான். ஈரக் காற்றில் தோல் தளர்ந்து போயிருந்தது. நாலு சுற்றுக்கு ஒருமுறை விரலால் தட்டிக் காது கொடுக்கிறான். அவனுக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பெட்டி மேல் கிட்டார்க்காரன். பகலில் மோட்டார் பட்டறையில் வேலை. நகக்கண்ணில் கிரீஸ் அப்படியே இருக்கிறது. கிட்டாரின் தலையில் டியூனரைச் செருகிக்கொண்டு ஒவ்வொரு தந்தியாக அரைச் சுருதி இறக்கிக்கொண்டிருந்தான். "உறுமி இன்னைக்கு இறங்கிக் கிடக்குது அக்கா. அது ஏறாது, நாமதான் இறங்கணும்" என்றான்.

உள்ளே இருநூறு பேர் இருப்பார்கள். கறுப்புச் சட்டை இளசுகள் முன்னால், பிளாஸ்டிக் நாற்காலியில் குடும்பங்கள் பின்னால். பாட்டிமார்களும் வந்திருந்தார்கள், பேரன் வாசிக்கிறானே! நான் எந்தக் கச்சேரிக்கும் காதடைப்பான் இல்லாமல் போவதில்லை. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகிவிடும். நூறு டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான் தாங்கும் என்பது கணக்கு. என் கைப்பேசி அன்று நூறைத் தாண்டிக் காட்டியது. பக்கத்தில் இருந்த பாட்டிக்கு ஒரு ஜோடி நீட்டினேன். "எனக்கு எதுக்குமா, திருவிழாவுல பம்பை பக்கத்துலயே நிக்கிறவ நான்" என்று தள்ளிவிட்டார். இருந்தாலும் இடைவேளையில் சித்தி சமையல்கட்டிலிருந்து பஞ்சு வாங்கி வந்து வரிசைக்கே பங்கு வைத்தாள்.

முதல் ஒரு மணி நேரம் எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகள்: சர்ச், விங்ஸ், ஸ்கார்ப்பியன்ஸ், நடுவில் ஒரு டீப் பர்பிள். உண்மையைச் சொன்னால் சுமார்தான். பாடகன் நல்ல தொண்டைக்காரன், ஆனால் எமி மாதிரியே பாட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துக் குரலை மூக்கில் ஏற்றிக்கொண்டே போனான். மேடையில் அவனை நோக்கி வைத்த ஸ்பீக்கர் ஒழுங்காகக் கேட்கவில்லை போலிருக்கிறது, உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் சுருதி நழுவியது. கூட்டத்துக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. 'இசபெல்லா' ஆரம்பித்ததும் நாற்காலிகள் காலியாகிவிட்டன. சித்தப்பா இல்லாத முடியைக் கோதிக்கொண்டே முன்வரிசைக்குப் போய்விட்டார்.

2023 நவம்பரில் கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கத்துக்குக் கோல்ட்பிளே குழு வந்தபோது நானும் போயிருந்தேன். கையில் மின்னும் வளையல், வாணவேடிக்கை, எல்லாம் இருந்தது. நான் பார்த்தது என்னவோ பெரிய திரையைத்தான். இங்கே கிட்டார்க்காரன் இடது சுண்டுவிரலை எட்டாத கட்டைக்கு நீட்டும்போது உதட்டைக் கடிப்பது தெரிந்தது. கால் பெடலில் சுற்றியிருந்த கறுப்பு டேப் பிரிந்து செருப்பில் ஒட்டிக்கொள்ள, வாசிப்பை நிறுத்தாமலே அதை உதறியதும் தெரிந்தது.

இடைவேளைக்குப் பிறகு அவர்களுடைய சொந்தத் தமிழ்ப் பாட்டுகள். அங்கேதான் கச்சேரி உண்மையில் ஆரம்பித்தது. டிரம்ஸ்காரன் முன்பு கோயிலில் பம்பை வாசித்தவனாம். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கை தனி. மூன்றாவது பாட்டில் உறுமிக்காரனும் தப்புக்காரனும் மேடை ஏறினார்கள். உறுமியின் ஒரு பக்கத்தை நேர்க்குச்சியால் அடிப்பார்கள், இன்னொரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்க்கிற பக்கத்துக்கு ஒரு மைக்கை மிக நெருக்கமாக வைத்திருந்தார்கள். பையன் குச்சியை அழுத்தி இழுத்தான். தரையிலிருந்து கிளம்பின மாதிரி ஒரு முனகல், ஒரே சுருதியில் நிற்காமல் வழுக்கி மேலே ஏறியது. கிட்டார்க்காரன் அதைக் கேட்டுக்கொண்டே தந்தியை விரலால் மேலே தள்ளி அதே வளைவில் ஏறினான். இவன் இறங்க அவன் ஏற, அவன் இறங்க இவன் ஏற, கொஞ்ச நேரத்தில் எது தோல், எது தந்தி என்று எனக்குப் பிடிபடவில்லை.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ராக் எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று யோசித்தபடிதான் ரயிலில் வந்தேன். கேசட்டிலிருந்து என்று நினைத்தேன். அது பாதிதான். பால்குடம் எடுக்கும் நாளிலும் சாவு வீட்டிலும் நெஞ்சுக்கூடு அதிர உறுமி கேட்டு வளர்ந்த காதுக்கு, இரைந்து கரகரக்கும் கிட்டார் புதுசாகவா தெரியும்? அந்தப் பாட்டி எழுந்து நின்றார், ஆடவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அடி விழும் இடங்களில் சரியாகத் தலையை ஆட்டினார். நானாவது இரண்டு இடத்தில் அடியைத் தவறவிட்டேன், அவர் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

பெர்மிட் பதினொரு மணி வரைதான். பத்து ஐம்பத்தைந்துக்கு ஒருவர் மேடை ஓரம் வந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்ட, கிட்டார் சோலோ பாதியில் சுருங்கி முடிந்தது. இது சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. வெளியே கடையில் ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டே, "இன்னும் ரெண்டு நிமிஷம் இழுத்திருந்தா என்ன கொள்ளை போயிருக்கும்?" என்று பொருமினார். பக்கத்து மேசையில் கிட்டார்க்காரனே தே தாரிக் டீயோடு உட்கார்ந்திருந்தான்.

"அங்கள், அடுத்த தடவை சோலோவையே முதல்ல வாசிச்சிடுறேன்" என்றான்.

நானும் அந்த மேசைக்கு மாறிக்கொண்டேன். டிக்கெட் காசு மண்டப வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடுமாம். குழுவுக்குச் சோறு போடுவது ஸ்பீக்கர்கள்தான். மற்ற நாட்களில் அவற்றைக் கல்யாணத்துக்கும் பிறந்தநாள் விழாவுக்கும் வாடகைக்கு விடுகிறார்கள். அந்தக் காசில் தந்தி வாங்குகிறார்கள், பெடல் வாங்குகிறார்கள், டிரம்ஸுக்குத் தோல் மாற்றுகிறார்கள். சொந்தப் பாட்டு ஏழு இருக்கிறது, பதிவு செய்ய ஈப்போவில் ஸ்டூடியோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உறுமியை அங்கேயும் கூட்டிக்கொண்டு போவீர்களா என்று கேட்டேன். "அது இல்லாம என்னத்த பதியறது?" என்றான்.

அடுத்த கச்சேரி எப்போது என்று சித்தப்பா நாள் குறிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

"கல்யாண சீசன் முடியட்டும் அங்கள். அதுவரைக்கும் ஸ்பீக்கர் எல்லாம் புக்காயிருச்சு."