பலுசாமியும் பாட்டியின் மரவள்ளியும்

பினாங்கில் வளர்ந்த எனக்குத் தீவு புதிதன்று. ஆனாலும் ஃபிஜியில் இறங்கியதும், ஊர்ப் பெயர்ப்பலகையில் 'நாடி' என்று எழுதியிருப்பதை 'நாண்டி' என்றே சொல்ல வேண்டும் என ஓட்டுநர் திருத்தியபோது பாடம் தொடங்கிவிட்டது.

கிராமமொன்றில் 'லோவோ' சமைத்தார்கள். குழியில் விறகை எரித்துக் கற்களைப் பழுக்கச் சூடாக்கி, இலையில் பொதிந்த கோழி, மீன், சேப்பங்கிழங்கு, மரவள்ளி ஆகியவற்றை அவற்றின்மேல் அடுக்கி, இலைகளாலும் மண்ணாலும் மூடிவிட்டுக் காத்திருந்தார்கள். மண்ணை விலக்கியபோது எழுந்த ஆவியில் கருகிய இலை மணத்தது. மலாயாவை ஜப்பானியர் ஆண்ட போர்க்காலத்தில் தின்று சலித்ததாகச் சொல்லி மரவள்ளியைக் கடைசிவரை தொடாத என் பாட்டியை, புகை மணத்த முதல் துண்டிலேயே நினைத்துக்கொண்டேன்.

சேம்பிலையில் தேங்காய்ப்பாலும் வெங்காயமும் வைத்துக் கட்டிய 'பலுசாமி'யைக் கேட்டதும், அது யாரோ உறவினர் பெயரென்றே நினைத்தேன்! எலுமிச்சைச் சாற்றில் ஊறி வெளுத்த பச்சை மீனைத் தேங்காய்ப்பாலில் கலந்த 'கொகொண்டா' மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. பினாங்கின் புளித்த மீன்குழம்பு நூடுல்ஸான அசாம் லக்சா பழகிய நாக்கு இன்னும் புளிப்பைக் கேட்டது.

பிறகு 'கவா' வந்தது. ஒருமுறை கைதட்டிச் சிரட்டையை வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன், நாக்கு மரத்தது. அது வெற்றிலைக்கு உறவான செடியின் வேராம்.

1903 முதல் சென்னையிலிருந்தும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச்சென்ற தீவு இது. நாண்டியின் சிவசுப்பிரமணியர் கோயிலில் வாங்கிய திருநீறு, வீடு திரும்பும்வரை என் சட்டைப்பையில் இருந்தது.