வெப் பேஜ்ல ஈவென்ட் காலண்டர் போடறீங்களா, தேதியை ஸ்ட்ரிங்காவே (வெறும் எழுத்தாவே) வச்சுக்குங்க

பேஜ்ல ஒரு காலண்டர் வைக்கணும்னா எல்லாரும் மொதல்ல லைப்ரரி, அதாவது யாரோ எழுதி வச்ச ரெடிமேட் கோடு, தேடித்தான் ஓடறாங்க. நான் என்ன சொல்வேன்னா ஒரே ஒரு மாசத்தை நீங்களே வெறும் ஜாவாஸ்கிரிப்ட்ல கட்டிப் பாருங்க, பெரிய வேலை ஒண்ணும் இல்ல, அதுக்கப்புறம் எந்த லைப்ரரி எடுத்தாலும் உள்ள என்ன நடக்குதுன்னு உங்களுக்கே புரியும். ஊர்ப் பொங்கல் விழாவுக்கு ஒரு பேஜ்னு வச்சுக்குவோம். போகி, கோலப்போட்டி, உறியடி, காணும் பொங்கல்னு நாலு நாள் நிகழ்ச்சி. கட்டத்தைத் தொட்டா எத்தனை மணிக்கு, எந்தத் தெருவுலன்னு வரணும், அவ்வளவுதான்.

கட்டம் போட ரெண்டு விஷயம் தெரிஞ்சாப் போதும்: ஒண்ணாம் தேதி என்ன கிழமை, மாசத்துக்கு எத்தனை நாள். கிழமைக்கு ஒண்ணாம் தேதியை வச்சு ஜாவாஸ்கிரிப்ட்ல தேதிக்குன்னே இருக்கற டேட் ஆப்ஜெக்ட் ஒண்ணு பண்ணி, அதோட கெட்டே (getDay) ஃபங்ஷனைக் கூப்பிட்டா ஞாயிறுக்கு 0, சனிக்கு 6ன்னு சொல்லிடும். எத்தனை நாள்ங்கறதுக்கு அடுத்த மாசத்தோட 0ஆம் தேதியைக் கேளுங்க, அதுவே இந்த மாசத்தோட கடைசி நாளைக் கொடுத்துடும், லீப் வருஷக் கணக்கெல்லாம் நாம போடவே வேண்டாம். எனக்கு ரொம்பப் பிடிச்ச ட்ரிக் இது. மாச நம்பர் மட்டும் 0லேர்ந்து ஆரம்பிக்கும், ஜனவரின்னா 0. 1995ல பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்ட் பண்ணப்ப ஜாவாவோட டேட்டை அப்படியே எடுத்துப் போட்டதால வந்தது, இன்னிக்கு வரைக்கும் கூடவே வருது.

பேஜோட தோற்றத்தை அமைக்கற சிஎஸ்எஸ்ல கிரிட்னு ஒண்ணு இருக்கு, அதுல ஏழு காலம் (column) போட்டு ஒண்ணாம் தேதிக்கு மட்டும் எந்தக் காலம்னு சொல்லிட்டா மத்தது தானா வரிசையா உக்காந்துக்கும். ஆனா வரி எண்ணிக்கையைப் பாத்துக்கணும். ஞாயிறுல ஆரம்பிக்கிற காலண்டர்ல 2026 ஜனவரி சரியா அஞ்சு வரி, பிப்ரவரி ஞாயித்துக்கிழமை ஆரம்பிச்சு சனிக்கிழமை முடியறதால நாலே வரி, மே மாசம் ஆறு வரி. அடுத்த மாசம் பட்டனை அமுக்க அமுக்க பேஜ் ஏறி எறங்கிட்டே இருந்தா பாக்கறவங்களுக்கு எரிச்சலா இருக்கும், அதனால எப்பவுமே ஆறு வரிக்கும் சேத்து 42 கட்டம் போட்டுடறதுதான் நல்லது. ஒவ்வொரு நாளையும் டிவ்வா (வெறும் பெட்டியா) போடாம பட்டனா போடுங்க, கீபோர்டுலயும் போக முடியும், ஸ்க்ரீன் ரீடர் வச்சிருக்கறவங்களுக்கும் வேலை செய்யும். க்ளிக்குக்கு ஒவ்வொரு கட்டத்துலயும் அதைக் கவனிக்கற லிசனர் மாட்ட வேண்டாம், மொத்த கிரிட்டுக்கும் ஒண்ணு போதும். விவரம் காட்ட டயலாக் எலிமென்ட் இருக்கு, ஷோமோடல்னு கூப்பிட்டா திறக்கும், எஸ்கேப் அமுக்கினா தானா மூடிக்கும். கிழமை, மாசப் பேருக்கு பிரவுசர்லயே இருக்கற இன்ட்ல் டேட்டைம்ஃபார்மேட்ல (Intl.DateTimeFormat) தமிழ் லோக்கேலை, அதாவது மொழி அமைப்பை, கொடுங்க, ஞாயிறு திங்கள்னு பிரவுசரே எழுதிடும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், இதை எத்தனை பேர்கிட்ட சொன்னாலும் எனக்கு அலுக்காது. கட்டத்தோட தேதியை எடுக்க டு ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங் (toISOString) போட்டு முன்னாடி பத்து எழுத்தை மட்டும் வெட்டி எடுக்கற கோடு நிறைய இடத்துல கெடக்கு. நம்ம ஊர் நேரத்துல அது தப்பு. ஜனவரி 15 பொறக்கற ராத்திரி 12 மணின்னா யூடிசில, அதாவது உலகப் பொது நேரத்துல, இன்னும் 14ஆம் தேதி சாயங்காலம் 6:30தான், ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங் யூடிசிலதான் எழுதும், ஆக பொங்கல் ஈவென்ட் போகி அன்னிக்கு போய் விழுந்துடும். இதுக்கு நேர் எதிரா '2026-01-15'ன்னு வெறும் தேதியை நியூ டேட் உள்ள கொடுத்தா அதை யூடிசி நள்ளிரவுன்னு எடுத்துக்கும், இந்தியாவுல 15ஆம் தேதி காலைல 5:30தானேன்னு கவனிக்காம விட்டுடுவோம், டொராண்டோல இருக்கற சித்தப்பா அதே பேஜைத் தொறந்தா அவருக்கு 14ன்னு காட்டும். டெஸ்ட் பண்றவங்க எல்லாரும் இங்கயே இருந்தா இது கண்ணுல படவே படாது.

அதனால முழுநாள் ஈவென்ட்டோட தேதியை வருஷம்-மாசம்-நாள்னு ஸ்ட்ரிங்காவே வச்சுக்குங்க, கட்டத்துலயும் அதே ஸ்ட்ரிங்கை டேட்டா அட்ரிபியூட்டா எழுதுங்க, ரெண்டு ஸ்ட்ரிங்கும் ஒண்ணான்னு பாத்தா முடிஞ்சது வேலை, நடுவுல டேட் ஆப்ஜெக்ட்டே வேண்டாம். மணி இருக்கற ஈவென்ட்டுக்கு கொஞ்சம் யோசிக்கணும். உறியடி சாயங்காலம் 6 மணிக்கு, நேர்ல வந்துதான் பாக்கணும்னா ஆஃப்செட் (யூடிசிலேர்ந்து எவ்வளவு நேர வித்தியாசம்ங்கறது) போடாதீங்க, உலகத்துல எங்க தொறந்தாலும் 6ன்னே காட்டட்டும். அதையே லைவ்ல போடறீங்கன்னா கடைசில +05:30 சேத்துடுங்க, துபாய்ல பாக்கறவருக்கு 4:30ன்னு காட்டும், அதுதான் அவருக்கு வேணும். இந்தத் தலைவலிக்கெல்லாம் ஜாவாஸ்கிரிப்ட்லயே டெம்போரல்னு புதுசு வந்திருக்கு, ஃபயர்பாக்ஸ் 139ல 2025லயே வந்துடுச்சு, அதுல மணியே இல்லாத வெறும் தேதிக்குன்னு தனி வகை இருக்கு. ஆனா பழைய ஃபோன் வச்சிருக்கறவங்களும் நம்ம பேஜுக்கு வருவாங்க, அதனால இப்போதைக்கு ஸ்ட்ரிங்தான் என் கட்சி.

வாரக் காட்சி, இழுத்து வேற நாளுக்கு மாத்தறது இதெல்லாம் வேணும்னா ஃபுல்கேலண்டர்ங்கற லைப்ரரியை எடுத்துக்குங்க, 2009லேர்ந்து இருக்கு, முன்னாடி அதுக்கு ஜேக்வெரின்னு இன்னொரு லைப்ரரி வேணும், நாலாவது வெர்ஷன்லேர்ந்து அது தேவையில்ல. அதுல ரெண்டு மூணு இடத்துல கவனம். போகிலேர்ந்து காணும் பொங்கல் வரைக்கும் 14 டு 17ன்னா எண்ட்ல 18னு கொடுக்கணும், கடைசி நாளை அது சேத்துக்காது. 17ன்னு கொடுத்தா காணும் பொங்கல் கட்டம் காலியா நிக்கும். டேப் உள்ள ஒளிஞ்சிருக்கற டிவ்ல காலண்டரை ரெண்டர் பண்ணா சுருங்கிப்போய் வரும், டேப் தொறந்ததும் அப்டேட்சைஸ் கூப்பிடுங்க. இழுத்து மாத்த விட்டா ஈவென்ட்ட்ராப்ல சர்வருக்கு அனுப்புங்க, சர்வர் ஒத்துக்கலேன்னா ரிவர்ட் பண்ணிடுங்க, இல்லேன்னா ஸ்க்ரீன்ல ஒரு தேதி, டேட்டாபேஸ்ல ஒரு தேதின்னு ஆயிடும்.

ஃபோன்ல மாசக் கட்டம் வேலைக்கே ஆகாது, ஏழு காலத்தை அந்த அகலத்துல அடைச்சா ஈவென்ட் பேர்ல ரெண்டு எழுத்துதான் தெரியும், சின்ன ஸ்க்ரீன்னா லிஸ்ட் காட்சிக்கு மாத்திடுங்க. முடிஞ்சா ஒவ்வொரு ஈவென்ட்லயும் ஐசிஎஸ் (காலண்டர் ஆப்கள் படிக்கற ஃபைல்) டவுன்லோட் பட்டன் ஒண்ணு வைங்க, ஃபோன் காலண்டர்லயே ஏறிடும், நம்ம பேஜைத் திரும்பத் தொறக்கணும்னே இருக்காது. ஐசிஎஸ்லயும் கடைசி தேதி கணக்கு அதே மாதிரிதான், 18னே போடுங்க.